மேடம் விதிகள்

பூட்டம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டரை மணி நேரம் கிடந்தார். முப்பத்தொரு வருஷம் பெண்கள் சிறையில் வேலை பார்த்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர் அவர். உள்ளே அவர் மேல் வெந்நீரை வீசியிருக்கிறார்கள். ஒருத்தி சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைத் தரையில் தீட்டித் தோளில் குத்தியிருக்கிறாள். அதிலெல்லாம் ஒன்றும் ஆகாத உடம்பை, எழுபத்து நாலாவது வயதில் ஒரு சோப்புத் துண்டு சாய்த்துவிட்டதே என்பதுதான் அவருக்கு அவமானம். கணுக்கால் உடைந்தது இரண்டாம்பட்சம்.

பூட்டம்மா என்பது கைதிகள் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்தது. முகத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவர் மேடம். ஆனாலும் பெயர் அவர் காதுக்கு வந்தது. வந்ததில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

விழுந்ததைப் பெரிய விஷயமாக்கியவன் மகன். காப்பீட்டு நிறுவனமொன்றில் ஆபத்து மதிப்பீட்டுப் பிரிவில் அதிகாரி. மற்றவர்கள் மாடிப்படியைப் பார்த்தால் மாடிப்படி தெரியும்; அவனுக்கு உடைந்த இடுப்பெலும்பு தெரியும். நல்ல பிள்ளை. அம்மா தனியாகத் தரையில் கிடந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்து அவன் உண்மையாகவே பத்து நாள் தூங்கவில்லை. பதினோராம் நாள் அம்மாவைக் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லம் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனான்.

இல்லத்தின் விளம்பரத் தாளில் வெள்ளைத் தலைகள் வட்டமாக உட்கார்ந்து பந்து தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தன. நேரில் பந்தைக் காணோம். பூட்டம்மா சுவரையோ தோட்டத்தையோ பார்க்கவில்லை. வரவேற்ற பெண்ணின் இடுப்பைப் பார்த்தார். அங்கே ஒரு சாவிக்கொத்து, நடக்கும்போது சத்தம் வராமல் இருக்கத் துணி சுற்றித் தொங்கியது. அந்த உத்தி அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அவரும் அப்படித்தான் சுற்றினார்.

காருக்குத் திரும்பியதும் மகனிடம் சொல்லிவிட்டார். வீட்டில் எதை வேண்டுமானாலும் மாட்டு. என் வாசலை விட்டு மட்டும் என்னைக் கிளப்பாதே.

அடுத்த வாரம் பெட்டிகள் வந்தன. பெட்டிகளோடு ஆலோசகர் வந்தார். நாற்பதைத் தொடாத வயசு, மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய அட்டையில் 'மூத்தோர் நல்வாழ்வு அனுபவ வடிவமைப்பாளர்' என்று இருந்தது. பூட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஆணி அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஆலோசகருக்குத் தெரியவில்லை. ஆணிகளைப் பூட்டம்மாவே ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு அடித்தார்.

கழுத்துக்கு ஒரு பதக்கம். விழுந்தால் தானே மகனைக் கூப்பிடும். மெத்தைக்கடியில் ஒரு விரிப்பு. எழுந்ததையும் படுத்ததையும் குறித்துக்கொள்ளும். பாத்திரம் காய்ந்தால் அடுப்பைத் தானே அணைக்கும் ஒரு பெட்டி. கூடத்திலும் நடையிலும் கண்கள். வாசல் கதவில் கேமராவும் மின்பூட்டும், உள்பக்கம் ஒரு சின்னத் திரையும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குரல். பெண் குரல், பாகு மாதிரி. ஆறு குரல்களை நூற்றுக்கணக்கான முதியவர்களிடம் போட்டுக்காட்டித் தேர்ந்தெடுத்தது என்றார் ஆலோசகர்.

இது நாளைக்கு எத்தனை தடவை ஆளை எண்ணும் என்று பூட்டம்மா விசாரித்தார்.

"எண்றதுன்னு நாங்க சொல்றதில்ல மேடம். கூட இருக்கும். துணையா இருக்கும். உங்க சுதந்திரத்தோட கையைப் பிடிச்சுட்டு நடக்கும்."

"சரி தம்பி. கையைப் பிடிச்சுட்டு எத்தனை தடவை எண்ணும்?"

மூன்று தடவை என்று தெரிந்தது. காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஆறு. குளிர்பதனப் பெட்டியின் கதவு திறந்தால் ஆள் நலம் என்று கணக்கு.

இங்கேதான் பூட்டம்மா அந்தத் தப்பைச் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள். ஆனால் நல்ல சமையல்காரர் விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாததைச் சொல்லாமல் எழுந்திருப்பாரா? காவல் மோசமாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே எழுந்தார். நடையில் துணி அலமாரியை ஒட்டி, முதுகைச் சுவரில் தேய்த்தபடி குளியலறை வரை போய்த் திரும்பினார். ஆலோசகரின் கையிலிருந்த கருவியில் ஒரு சின்ன விளக்குக்கூட எரியவில்லை.

"உங்க கண்ணு என்னைப் பாக்கவே இல்ல. அந்த மூலை குருடு. இன்னொண்ணு வேணும், எதிர்ச்சுவத்துல."

மகன் சிரித்தான். ஆலோசகர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தார். பூட்டம்மா ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷம் ஆகிறது. அவர் பேசும்போது யாரும் பேனா எடுத்துப் பதினாலு வருஷம் ஆகிறது என்றும் சொல்லலாம். அந்தப் பேனாவைப் பார்த்ததும் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. பேச்சு வந்தது.

எண்ணும் நேரம் எண்ணப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒழுங்காக இருப்பார் என்றார். சொன்ன பதிலையும் செய்த காரியத்தையும் தனித்தனியாகக் குறித்து வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே இருப்பவரை விடப் பார்க்க வருபவரை முதலில் சோதிக்க வேண்டும், பிரச்சினை எப்போதும் வெளியிலிருந்து பொட்டலமாகத்தான் வரும் என்றார். கடைசியாகக் கதவுக்கு வந்தார்.

"எடுத்ததும் பூட்டாதீங்க. பூட்டுனா மோதுவாங்க. போறதுக்கு முன்னாடி எங்க போறேன்னு சொல்ல வைங்க. ரெண்டு மாசம் சொல்லிப் பழகிட்டா, அப்புறம் கதவு திறந்தே கிடந்தாலும் ஒருத்தரும் தாண்ட மாட்டாங்க. பூட்டுங்கறது வெறும் இரும்பு தம்பி. பழக்கந்தான் பூட்டு."

ஆலோசகர் இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார். விடைபெறும்போது பூட்டம்மாவின் இரு கைகளையும் பிடித்து, தன் துறையில் இப்படி ஒரு ஆழத்தை இதுவரை சந்தித்ததில்லை என்றார். அன்று பூட்டம்மா நன்றாகத் தூங்கியதாக மெத்தை விரிப்பு மகனுக்குத் தெரிவித்தது.

கணுக்கால் கூடியது. கருவிகளும் ஒழுங்காகவே வேலை செய்தன, அதை மறைப்பதற்கில்லை. ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தபோது பெட்டி அணைத்தது. இரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. பூட்டம்மாவுக்கு அந்தக் குரல்கூடப் பிடித்துப்போனது; சொன்னதையே சொன்னாலும் சலித்துக்கொள்ளாத ஒரே ஆள் அந்த வீட்டில் அதுதான்.

புதன்கிழமைகள்தான் சிக்கல்.

ஏழு வருஷமாகப் புதன்கிழமை தோறும் பூட்டம்மா பேருந்து ஏறி நகரத்தின் மறுகோடிக்குப் போய்வருவார். அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு திரை மறைவு. கடைக்காரி புருஷனைக் கொன்ற வழக்கில் பதினாறு வருஷம் உள்ளே இருந்தவள். ஏன் கொன்றாய் என்று அவளைக் கேட்காதவர் உலகத்திலேயே பூட்டம்மா ஒருவர்தான். நட்பு அப்படி ஆரம்பித்தது. விடுதலையாகி வந்தவளுக்கு அந்தச் சந்தில் பழைய கதை கிடையாது. வெளியூர்க்காரி, கைவேலை சுத்தம், அவ்வளவுதான் தெரியும். பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சீருடை தைக்கிறாள். கதை தெரிந்தால் எந்தத் தாய் தன் பெண்ணை அந்தத் திரைக்குப் பின்னால் அனுப்புவாள்? அதனால் இருவருக்கும் ஒரு பேச்சு. போன் நம்பர் பரிமாறிக்கொள்வதில்லை. யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. பூட்டம்மா மூன்று மணி நேரம் உட்கார்ந்து கொக்கி வைப்பார், காஜா எடுப்பார். தையல்காரி வைத்த கொக்கியைப் பிரித்து, இது என்ன கோணல் என்று திட்டுவார். அவள் சிரிப்பாள். டீ வரும். குடித்துவிட்டுத் திரும்புவார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் மற்றவர்களுக்காகத்தான் உயிரோடிருந்தார்.

கால் சரியானபின் வந்த முதல் புதன்கிழமை, செருப்பைப் போட்டதும் குரல் கேட்டது.

"வெளியே கிளம்பிட்டீங்களாம்மா? எங்கேன்னு பகிர்ந்துக்கலாமா?"

தன் வாக்கியத்துக்குப் பவுடர் பூசிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது பூட்டம்மாவுக்குப் புரிந்தது. கடைக்கு என்றார். கதவு திறந்தது. சாயங்காலம் மகன் கூப்பிட்டான். கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பதக்கம் ஏழு கிலோமீட்டர் போயிருக்கிறது, பேருந்து நிலையத்துப் பக்கம் சுற்றியிருக்கிறது, அங்கே எந்தக் கடை என்றான். நூல் வாங்க என்றார். என்ன நூல் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவன் போனிலிருந்த செயலியில் 'பொருந்தாமை: ஒன்று' என்று ஏறிவிட்டது.

அடுத்த வாரம் அவர் பதக்கத்தைக் கழற்றி, தானே அடித்த ஆணி ஒன்றில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். நாற்பது நிமிஷம் அசையாமல் தொங்கிய பதக்கத்தைக் குரல் மூன்று முறை நலம் விசாரித்தது. பதிலில்லை. மகன் அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடினான். ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குக் கட்டிலோடு இரண்டு பேர் மூன்று மாடி ஏறி, ஆணியில் தொங்கிய பதக்கத்தை மீட்டார்கள். பூட்டம்மா பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது மகன் படியில் உட்கார்ந்திருந்தான். அழுதிருந்தான். வேலை நேரத்தில் இங்கே என்ன என்று திட்ட வாயெடுத்தவர், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆலோசகர் கேள்வித்தாளோடு வந்தார். மருத்துவர் கேட்டு அனுப்பியதாம், சும்மா ஒரு சம்பிரதாயம்தானாம். இன்றைக்கு என்ன தேதி என்றார். பூட்டம்மா தேதியோடு கிழமையும் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தலை எண்ணியே காலம் தள்ளியவருக்கு அது ஒரு வேலையா? ஆலோசகர் தாளில் சரிபார்த்து முடிப்பதற்குள் இரண்டுக்கு வந்து நின்றார். ஐந்து சொற்களை நினைவில் வைக்கச் சொன்னதற்கு முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒப்பித்தார்.

பிறகு, போன புதன்கிழமை எங்கே போனீர்கள் என்ற கேள்வி வந்தது.

பூட்டம்மா பேசவில்லை. தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. 'நினைவிருக்கிறது', 'நினைவில்லை'. சொல்ல விருப்பமில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. வடிவமைத்தவர்களுக்கு அப்படி ஒரு நிலைமை மனிதருக்கு உண்டென்று தோன்றவில்லை போலும். ஆலோசகர் கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றினார். பிறகு நல்ல மனசோடு, மிகுந்த வருத்தத்தோடு, இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார்.

சிறையில்கூட வாய் திறக்காதவளைப் 'பிடிவாதக்காரி' என்றுதான் எழுதுவார்கள். அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்ற மரியாதையாவது அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகன் அம்மாவின் பக்கத்தில், அவர் கையைப் பிடித்தபடி. ஆலோசகர் எதிரே. மேஜை மேல் ஒரு புத்தகம், வழவழ அட்டை. நிறுவனத்தின் புதிய நடைமுறைக் கையேடு என்று ஆலோசகர் அதைத் தள்ளி வைத்தார். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'மேடம் விதிகள்'. ஏழு விதிகள். இன்றைக்கு நாலாயிரத்து இருநூறு வீடுகளில் நடைமுறையில் இருக்கின்றன, முடிவுகள் பிரமாதம், வெளியே கிளம்புவது சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்றார். வாழ்த்துச் சொல்கிற முகம்.

பூட்டம்மா புத்தகத்தைத் திறந்து பார்த்தார். தன் வாயிலிருந்து வந்ததுதான், அச்சில் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. அவர் வேலை பார்த்த சிறையில் எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டியதில்லை.

மகன் தொண்டையைச் செருமினான். ஒரு மாதம் மட்டும் கதவைத் தன் போனிலிருந்து திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்கிறார் என்றான். நோக்கமில்லாமல் அலைவது இந்த வயதில் ஒரு அறிகுறியாம். தீப்பிடித்தால் தானாகத் திறந்துவிடும் என்று ஆலோசகர் குறுக்கே புகுந்து உறுதி சொன்னார். அம்மாவுக்குப் போகத் தோன்றினால் திறக்குமா என்பது அவருடைய உறுதியில் வரவில்லை.

"இதெல்லாம் எனக்கும் பிடிக்கலம்மா. நீங்க புதன்கிழமை யாரைப் பாக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. பேரைச் சொன்னா போதும். இப்பவே, இந்த நிமிஷமே கதவைப் பழையபடி விடச் சொல்லிடறேன்."

"பேரை வெச்சு என்ன செய்வீங்க?"

ஆலோசகர்தான் பதில் சொன்னார். "பெருசா ஒண்ணுமில்ல மேடம். பேரு, முகம், பழைய பதிவு எல்லாத்தையும் ஒத்துப் பாப்போம். போலீஸ் பதிவு எதுவும் இருக்கான்னு. உங்க நாலாவது விதிதான். பாக்க வர்றவங்களை முதல்ல பாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

மகனின் கை அம்மாவின் கைமேல் சூடாக இருந்தது. அவன் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் கதவு திறக்கும். கதவு திறந்தால் போவதற்கு அந்தச் சந்தில் கடை இருக்காது. இரண்டு மெஷினையும் கண்ணாடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருத்தி இன்னொரு ஊர் தேடிப் போயிருப்பாள். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி முதலிலிருந்து.

பூட்டம்மா புத்தகத்தை மூடினார்.

"ஞாபகம் இல்லப்பா."

"நல்லா யோசிங்கம்மா."

"யோசிச்சுட்டேன். பஸ்ல ஏறுறது தெரியுது. அப்புறம் எங்க போறேன், என்னத்துக்குப் போறேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல."

மகன் அவரைக் கட்டிக்கொண்டான். ஆலோசகர் தலை குனிந்து எழுதினார். இந்த முறை எந்தக் கட்டம் என்று அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை.

திங்கள் காலை கதவு மாறிவிட்டது. கைப்பிடியைத் திருப்பினால் திரும்பும், திறக்காது. புதன்கிழமை பத்தரைக்குப் பூட்டம்மா செருப்பைப் போட்டார். இன்னைக்கு வெளியே போற திட்டம் எதுவும் இல்லையேம்மா, ஒரு பாட்டு போடட்டுமா என்றது குரல். அதற்கடுத்த புதன்கிழமை அவர் செருப்பைப் போடவில்லை. அதையும் யாரோ நல்ல முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது புதன்கிழமை பதினொன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது.

பூட்டம்மா திரையைப் பார்த்தார். தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். வீட்டு விலாசம் அவளுக்கு எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான். இந்தப் பக்கமே வந்தவள் இல்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து கடையிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறாள். மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வணக்கம்" என்றது கதவு. "நீங்க யாரைப் பாக்க வந்திருக்கீங்க? உங்க பேரையும் உறவையும் சொல்லி, கொஞ்சம் கேமராவைப் பாருங்க."

பெயரையும் உறவையும் கேட்கிற கதவுகளை அவள் பார்த்தவள். ஆனால் வெளியே நின்றுகொண்டு பார்த்ததில்லை. குழம்பிப்போய், முகத்தை நேராகத் தூக்காமல், கதவில் எங்கே பேசுவது என்று தேடினாள். வாய் திறந்தாள்.

பூட்டம்மா பொத்தானை அழுத்தினார்.

"யாரும்மா நீ? உன்னை எனக்குத் தெரியாதே."

தையல்காரி அப்படியே நின்றாள். ஒரு நிமிஷம் அடிபட்ட முகம். பிறகு அது மெதுவாக மூடிக்கொண்டது. முகம் குனிந்தது, இரண்டு கைகளும் பக்கவாட்டில் இறங்கி ஒட்டிக்கொண்டன. பதினாறு வருஷம் வரிசையில் அவள் நின்ற நிலை அது. புரிந்துவிட்டது.

"மன்னிக்கணுங்கம்மா. வீடு மாறி வந்துட்டேன் போல."

அத்தோடு விட்டிருக்க வேண்டும். பூட்டம்மாவின் விரல் பொத்தானிலிருந்து எழவில்லை.

"எந்த வீடு தேடுற?"

"தெரிஞ்சவங்க ஒருத்தர் இந்தப் பக்கம் இருந்தாங்க. இப்ப மறுபடி மூணு வாரமா ஆளைக் காணோம். நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு."

"காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க."

"இருக்கும்ங்க."

"நல்லாத்தான் இருப்பாங்க. நீ போய் உன் பொழப்பைப் பாரு. இந்தப் பக்கம் வராத இனிமே. இங்க வர்றவங்களையெல்லாம் படம் புடிக்கிறாங்க."

"சரிங்கம்மா."

அவள் முகத்தைத் தூக்காமலே திரும்பி, சுவரை ஒட்டி நடந்து படியில் இறங்கினாள். திரையில் ஆளில்லாத மாடி நடை மட்டும் இருந்தது. பூட்டம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்பச் சரியாப் பண்ணீங்கம்மா" என்றது குரல். "தெரியாதவங்களுக்குக் கதவைத் திறக்கவே கூடாது."

பத்து நிமிஷத்தில் மகன் கூப்பிட்டான். குரலில் சந்தோஷம் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டானாம். அந்தப் பெண் யாராம் என்றான். வீடு மாறி வந்தவள் என்றார் பூட்டம்மா. முகம் சரியாக விழவில்லையாம், குனிந்தே நின்றாளாம், அதுவே ஒரு மாதிரிதான் என்றான். ஆனால் அம்மா சமாளித்த விதத்தை ஆலோசகர் வியந்துபோய்ப் பாராட்டினாராம். இந்த மாதம் முழுக்க எல்லாமே நல்ல அளவில் இருக்கிறது, மருத்துவருக்கும் திருப்தி, அதனால் இதை இப்படியே நீட்டிக்கலாம் என்று பேசியிருக்கிறோம் என்றான்.

பூட்டம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். புதிதாக உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் முதல் நாள் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான். தீர்ப்பில் எழுதியிருப்பது தெரிந்தும் கேட்பார்கள். அவரும் பதிவேட்டைப் பார்த்து, வருஷம், மாதம், நாள் என்று பிரித்துச் சொல்லுவார். அதைக் கேட்டபிறகுதான் சாப்பிடுவார்கள்.

"எவ்வளவு நாளுக்குடா?" என்றார்.

மகன் சிரித்தான். பிரியமான சிரிப்பு.

"நாள் கணக்கெல்லாம் எதுக்கும்மா? உங்க வீடுதானே."